உள்ளிப் பாத்திக்கு வெட்டிய குழி

சீமோனுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. கனடாவில், அஜின்கோர்ட்டில் மற்றவர்கள் கடையில் பசளை மூட்டை வாங்கி மேலால் தூவிவிட்டு உள்ளிப்பூண்டு நடுவார்கள். யாழ்ப்பாணத்து இளவாலைத் தோட்டக்காரரின் மகனான சீமோனுக்கு அது தோட்டமே இல்லை. முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, இலைகுழையைப் புதைத்து, மண்ணைப் போட்டு மூடி உக்கி உரமாக விடவேண்டும். அப்போதுதான் ஒக்டோபரில் நடுகிற உள்ளி பனிக்குக் கீழே கிடந்து, அடுத்த கோடையில் பருத்து வரும் என்பார். கனடாவுக்கு வந்த புதிதில் பார்க்டேல் மாடி வீட்டில் வாளிக்குள் மிளகாய் நட்ட ஆள். சொந்த வளவு கிடைத்தபிறகு கேட்கவா வேண்டும்?

ஓகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை, காய்த்து ஓய்ந்த பயற்றங்கொடி, தக்காளிச் செடி எல்லாவற்றையும் வெட்டிக் குவித்துவிட்டு, குசினி யன்னலுக்குக் கீழே சுவரோரமாக வெட்டத் தொடங்கினார். பக்கத்து வீட்டு றூபன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

"அண்ணை, கொத்த முதல் போன் பண்ணிச் சொன்னால், கீழை என்னென்ன பைப் ஓடுதெண்டு வந்து கோடு கீறி விடுவாங்கள். சும்மாதான், காசு எடுக்கமாட்டாங்கள்."

"உள்ளி நடவும் உவங்களிட்டைக் கேக்கோணுமே, தம்பி? நீர் போய் உம்மடை புல்லை வெட்டும்."

றூபன் சிரித்துக்கொண்டு போய்விட்டான்.

குழி முழங்காலைத் தாண்டியபோது ஏதோ தட்டுப்பட்டது. கல்லாக்கும் என்று நினைத்து, குழிக்குள் நின்றபடியே இரும்பு அலவாங்கை ஓங்கிக் குத்தினார். 'ஸ்ஸ்ஸ்' என்று கூவிக்கொண்டு காற்றுப் பீறிட்டது.

அந்தச் சத்தம் காதில் விழுந்ததுதான் தெரியும். சீமோன் குழிக்குள் குப்புற விழுந்து, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டார். ஊரில் சண்டைக்காலத்தில் செல்குண்டு கூவினால் பங்கர்க் குழிக்குள் படுக்கவேண்டும். இது கனடா என்பதை மூளை நினைப்பதற்குள் உடம்பு படுத்துவிட்டது. படுத்தபடியே, குசினிக்குள் நின்ற மனைவிக்குத் தொண்டை கிழியக் கத்தினார்.

"வேரோனிக்கா! வெளியாலை வராதை! உள்ளுக்கை படு!"

வெடிக்கப் போகிறது என்று கண்ணை இறுக்கி மூடிக் காத்திருந்தார். வெடிக்கவில்லை. கூவல் நிற்கவுமில்லை. மூக்குக்குள் கூழ்முட்டை நாற்றம் ஏறியது. கண்ணைத் திறந்தால் முகத்துக்கு நேரே உடைந்த மஞ்சள் குழாய். காஸ்!

எழும்பி ஓடவேண்டும் என்று தெரிந்தது. கைகால் அசையவில்லை. மேலே யன்னல் திறந்து கிடந்தது, நாற்றம் முழுக்க அதற்குள்ளேதான் போகும். அவளை உள்ளே கிட என்று சொன்னது தான்தான். "ஓடி வா" என்று கத்த வாயைத் திறந்தார். வெறும் காற்றுத்தான் வந்தது. மாதாவே, அவளைக் காப்பாற்று என்று மனதுக்குள் கதறினார். அவ்வளவுக்கு அவர் யாழ்ப்பாணத்திலும் பயப்பட்டதில்லை.

யாரோ சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்தார்கள். வேரோனிக்கா.

"எழும்புங்கோப்பா! காஸ் மணக்குது, எழும்புங்கோ!"

இருவரும் விழுந்தடித்து வீதிக்கு ஓடினார்கள். றூபன் 911-க்கு அடித்தான். தீயணைப்புக்காரர் வந்து வீதியை மறித்தார்கள், காஸை நிறுத்தினார்கள். காஸ் கசிந்தால் ஒருவரையும் உள்ளே இருக்கச் சொல்லக்கூடாது, வெளியே கூப்பிடவேண்டும் என்று அவர்களில் ஒருவர் சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல விளங்கப்படுத்தினார். சீமோன் குனிந்த தலையை ஆட்டினார்.

அந்த ஆள் அப்பால் போனதும், "பிழையாச் சொல்லிப்போட்டன்," என்றார் மனைவியிடம்.

"நானும் படுத்தனான்," என்றாள் வேரோனிக்கா. "குசினி நிலத்திலை, தலையைப் பொத்திக்கொண்டு. மணம் வந்தபிறகுதான் எழும்பினனான்."

பிறகு தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"தேத்தண்ணிக்குக் காஸ் அடுப்பைத் திருகிப் பத்தவைக்கப் போனனானப்பா. நீங்கள் கத்தினவுடனை கையை எடுத்திட்டன்."

சீமோன் வீதியோரத்தில் அப்படியே குந்திவிட்டார். அயல் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்றும் பாராமல், அவளுடைய அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதார்.