ஒரு சொடுக்கு

நெரிஸுக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை. கடையில் யாராவது நலம் விசாரித்தால் சிரித்துச் சமாளிப்பாள். அதே ஆளின் விழித்திரைப் படத்தைக் காட்டினால், போன வருடம் வந்தவர் என்று சொல்லிவிடுவாள். டனீடின் நகர மருத்துவமனையில் பத்தொன்பது வருடங்களாக அவள் கண்களின் உட்புறத்தைப் படம் எடுத்து வந்தாள். பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகளின் கண்கள்.

மனச்சிதைவு உள்ளவர்களுக்கு விழித்திரைச் சிரைகள் சற்று அகலமாக இருக்கின்றனவா என்று பார்க்கும் ஆய்வுக்கு ஆள் தேவைப்பட்டபோது கை தூக்கினாள். அண்ணன் ஃபெர்கஸுக்கு இருபத்திரண்டு வயதில் அந்த நோய் வந்ததால்தான் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். "உக்காந்து பாக்கிற வேலை, முழங்காலுக்கு நல்லது" என்பாள் அவள்.

படங்கள் பெயரில்லாமல் எண்ணோடு வரும். நோயாளியா, அவருடைய உறவினரா, இரண்டும் இல்லாதவரா என்பது அளப்பவருக்குத் தெரியக் கூடாது. பார்வை நரம்பின் தட்டைச் சுற்றிக் கணினி ஒரு வளையம் போடும். அதற்குள் மிக அகலமான ஆறு தமனிகளுக்குச் சிவப்பும் ஆறு சிரைகளுக்கு நீலமும் பூசி அளக்கும். ஒன்றை மற்றொன்றாக அது எடுத்துக்கொண்டால், நெரிஸ் ஒரு சொடுக்கில் நிறத்தை மாற்றுவாள்.

செவ்வாய்க்கிழமை காலை 417 வந்தது. மேல் சிரை தட்டைத் தாண்டியதும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போயிற்று. எட்டு வருடங்களுக்கு முன் புதுக் கேமராவைச் சோதிக்க அவள் தன் மகள் ஷோனாவைத்தான் உட்கார வைத்தாள். "உன் கண்ணுக்குள்ள ஒரு காது இருக்குடி" என்று கேலி செய்த அதே சுற்று.

ஷோனாவுக்கு இப்போது இருபது. படம் எடுத்த நாள் வியாழன். நெரிஸுக்கு விடுமுறை நாள்.

திரையின் மூலையில் சிரைகளின் சராசரி இருந்தது. அன்று வந்த படங்களில் அதுதான் அதிகம்.

புகைபிடித்தாலும் சிரை அகலும், எடை கூடினாலும் அகலும். இது கூட்டத்தைப் பற்றிய கணக்கு, ஒரு ஆளைப் பற்றி எதுவும் சொல்லாது. எத்தனையோ பேருக்கு அவளே இதைச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். எழுந்தாள், உட்கார்ந்தாள், ஜன்னலை மூடினாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. பிறகு மிக அகலமான சிரையைச் சொடுக்கிச் சிவப்பாக்கினாள். ஏழாவது சிரை அதன் இடத்துக்கு வந்தது. சராசரியில் ஒன்பது குறைந்தது. சேமித்தாள்.

மதியம்வரை வேறு எந்தப் படமும் அளக்க முடியவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு மாணவர் வீடுகள் இருக்கும் தெருவுக்கு நடந்தாள். ஷோனா போர்வையைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தாள். உள்ளே வெளியைவிடக் குளிர்.

"யாரு செத்தா?"

"யாரும் சாகல. வியாழக்கிழமை எங்க போன?"

ஷோனா தின்றுகொண்டிருந்த சீஸ் ரோலைப் பாதியாகப் பிய்த்து அம்மாவிடம் நீட்டினாள். "உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் வியாழக்கிழமை போனேன். அவ்வளவு பெரிய ஆய்வுல என் கண்ணுதான் உன்கிட்ட வரணுமா?"

"எதுக்குடி போன? ஆரோக்கியமானவங்கன்னு பேர் குடுக்கவா?"

"இல்ல. உறவினர்னு. ஃபெர்கஸ் மாமா பேர எழுதினேன். மாமாதான் ஃபாரமே குடுத்தாரு. 'உங்கம்மா எல்லார் கண்ணையும் பாப்பா, நம்ம வீட்டத் தவிர'ன்னாரு."

நெரிஸ் ரோலைக் கடிக்காமல் கையில் வைத்திருந்தாள். "ராத்திரி தூங்குறியா? ஏதாவது சத்தம், குரல்..."

"பக்கத்து வீட்டுல டிரம்ஸ் அடிக்கிறான். அது எல்லாருக்கும் கேக்குது." ஷோனா சிரித்தாள். நெரிஸ் சிரிக்கவில்லை. "சரி சொல்லு. பாத்தியா? எப்படி இருக்கு?"

"அதப் பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது."

"அம்மா."

"ஒரு சிரைய மாத்திட்டேன்."

"என்னவா?"

"தமனியா."

ஷோனா கொஞ்ச நேரம் போர்வை விளிம்பைத் திருகினாள். "அப்போ அகலமா இருந்திருக்கு."

ஆய்வு முடிந்தாலும் யாருக்கும் தனியாக எண் சொல்லமாட்டார்கள். அந்த ஒன்றை மாற்றாமல் விட்டிருந்தால் ஷோனாவுக்கும் தெரிந்திருக்காது.

"கிறுக்கச்சி" என்றாள் ஷோனா. பிறகு அந்தச் சொல் தன் காதிலேயே விழுந்ததுபோல நிறுத்தினாள். ஷூவைத் தேடி எடுத்தாள். "கெளம்பு. போய்த் திருப்பி மாத்து. பாதில விட்டுருவ, நானும் வர்றேன்."

காற்றுக்கு எதிரே இருவரும் குனிந்து நடந்தார்கள். ஷோனாவின் கை நெரிஸின் கோட்டுப் பைக்குள் இருந்தது.

மாற்றத்தை நீக்கக் கணினி காரணம் கேட்டது. நெரிஸ் "என் மகள்" என்று அடித்தாள். அழித்துவிட்டு, "அடையாளம் தெரிந்த கண், நான் திருத்தியது தவறு" என்று எழுதி, உடன் அளக்கும் இளைஞன் தவிதாவுக்கு அனுப்பினாள்.

தவிதா எட்டிப் பார்த்தான். "யாரோடது?"

"கேக்காத. நீயே அள."

அவன் திரைப்பக்கம் திரும்பினான். சொடுக்குகள் கேட்டன: ஒன்று, இடைவெளி, இரண்டு. அவன் முகத்தைப் பார்க்காமல் நெரிஸ் வெளியே வந்தாள். தாழ்வாரத்து நாற்காலியில் ஷோனா காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். நெரிஸ் பக்கத்தில் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் அவள் காலும் ஆடத் தொடங்கியது.