பேஸ் விழுவதற்கு முன்

சதீஸ் வேலை செய்த சீடீ கடை யட்டியாந்தோட்டை பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இருந்தது. நிலாம் நானாவின் கடை. வருகிறவர்களின் போனில் பாட்டு நிரப்பிக் கொடுப்பது சதீசின் வேலை. பஸ்காரர்களுக்கு பைலா, தோட்டத்துப் பையன்களுக்குப் படப்பாட்டு, கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு நாதஸ்வரம். கடையில் ஆள் இல்லாதபோது அவன் தனக்காகப் போட்டுக் கேட்டது ட்ரம் அண்ட் பேஸ்.

2006இல் அந்தப் பெயரையே நான் அவன் வாயால்தான் முதலில் கேட்டேன். பாடுகிறவர் யாரும் இல்லாத இசை. மேலே ட்ரம் மூச்சு வாங்காமல் ஓடும். அடியில் பேஸ் மெதுவாக நடக்கும். ட்ரம் மட்டும் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, கேட்கிறவன் பொறுமை இழக்கிற நேரம் பார்த்து பேஸை விழவிடுவார்கள். அந்த இடத்துக்காகத்தான் எல்லாமே என்பான் சதீஸ். கடைகளில் விற்கிற சரக்கு இல்லை இது. லண்டனில் யாரோ சின்ன அறைக்குள் செய்து நெட்டில் போடுவதை, கேகாலைக்குப் போய் நெட் கபேயில் உட்கார்ந்து இறக்கிக்கொண்டு வருவான். ஒரு மிக்ஸ் இறங்கி முடிய அரை நாள் போகும். நிலாம் நானாவுக்கு அது காதில் ஏறவே இல்லை. "பாட்டா இது, மெஷின் பழுதாப் பெய்த்தா மகன்?" என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்பார்.

தோட்டத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே லயம், அந்த நீள வரிசை வீட்டில் பக்கத்துப் பக்கத்துக் காம்பரா. நடுவில் இருந்த சுவர் கூரைவரை போகாது. அந்தப் பக்கம் அவன் அம்மா வெள்ளையம்மா இருமுவதும், தங்கை ஜீவராணி அவனைத் திட்டுவதும் என் பாயில் படுத்தபடியே எனக்குக் கேட்கும். வெள்ளையம்மாவுக்கு நெஞ்சில் நோய். மலைக்குப் போவதை விட்டுப் பல காலம் ஆகியிருந்தது. ஜீவராணிதான் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனாள்.

கொழும்பில் ரொஷேன் என்று ஒருவன் இருந்தான். அவனும் சில நண்பர்களும் இந்த நாட்டுப் பையன்கள் செய்யும் மிக்ஸ்களை அவ்வப்போது நெட்டில் வெளியிட்டார்கள். அதில் தன் மிக்ஸ் ஒன்று, தன் பெயரோடு வர வேண்டும் என்பதுதான் சதீசுக்கு இருந்த ஒரே ஆசை. கடைக் கம்ப்யூட்டரில் தானே மிக்ஸ் செய்து அனுப்பிக்கொண்டே இருந்தான். கடைசியில் ரொஷேன் சிங்களத்தில் எழுதிய பதிலை என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். லண்டன்காரன் செய்வதை லண்டன்காரனே நன்றாகச் செய்கிறான், நீ இருக்கிற இடத்தில் ஏதாவது இருந்தால் அனுப்பு என்று இருந்தது.

சதீஸ் போனைத் தூக்கிக்கொண்டு அலைந்தான். ஸ்டோரில் ரப்பர் பால் தகடாகும் உருளை, தகரத்தில் மழை, அவிசாவளை பஸ்ஸின் ஹோர்ன் எல்லாவற்றையும் பதிந்து பார்த்தான். எதுவும் தாளத்தில் உட்காரவில்லை. அப்போதுதான் மேல் லயத்துக் கோகிலாவின் அப்பா இறந்துபோனார்.

எங்கள் தோட்டத்தில் தப்பு அடிப்பவர் அழகமுத்து. மற்ற நாட்களில் அவரும் எல்லோரையும் போல மலையில் பால் வெட்டுகிறவர்தான். திருவிழாவுக்கு அவர் அடிப்பது வேறு, கல்யாணத்துக்கு வேறு, கேதத்துக்கு வேறு. கேத அடி எங்கள் பிள்ளைகளுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே தெரிந்துவிடும். இரண்டு கனத்த அடி, ஒரு இடைவெளி, ஒரு சிதறல், மறுபடி இடைவெளி. அது கேட்டால் மலையில் இருப்பவர்கள் கத்தியை வைத்துவிட்டு இறங்கிவிட வேண்டும். ரப்பர் பால் யாருக்காகவும் காத்திருக்காது. விடிய வெட்டிய மரத்தில் மதியத்துக்குள் பாலை எடுக்காவிட்டால் சிரட்டையிலேயே உறைந்துவிடும். அப்படி இருந்தும் இறங்குவார்கள். எத்தனையோ துரைமார் வந்து போனார்கள், அந்த வழக்கத்தில் யாரும் கைவைக்கவில்லை.

கோகிலாவின் வீட்டு வாசலில் சதீஸ் அழகமுத்துவுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றான். அழுகிறான் என்று அழகமுத்து நினைத்தாராம். அவன் எண்ணிக்கொண்டிருந்தான். போன் சட்டைப் பையில் பதிந்துகொண்டிருந்தது.

அன்றே கடையில் போட்டுப் பார்த்தான். ட்ரம் அண்ட் பேஸின் வேகத்தில் சரிபாதியாக இருந்தது கேத அடி. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், அப்படியே உட்கார்ந்தது. மிக்ஸின் தொடக்கத்தில் தப்பை மட்டும் நீளமாக ஓடவிட்டான். பிறகு மெல்லிய தட்டல்கள். பிறகு பேஸ். எனக்குப் போட்டுக் காட்டியபோது முதுகு சில்லிட்டது. அது நல்லதுக்கா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அனுப்புவதற்கு முன் பெரிய பெட்டிகளில் கேட்டுப் பார்க்க நினைத்தான். அந்த வாரம் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்காக ருவான்வெல்லையில் இருந்து சவுண்ட் செட் வந்திருந்தது. கோயில் முற்றத்தில் ஆளுயரப் பெட்டிகள், பலாமரத்தில் மலையைப் பார்த்து இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள். திருவிழா மறுநாள்தான் என்பதால் எல்லோரும் மலையில் இருந்தார்கள். செட்காரன் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் சதீஸ் தன் மிக்ஸைப் போட்டான். குழாய்களுக்கும் சத்தம் போவதை அவன் கவனிக்கவில்லை. அவனுக்கு முன்னால் பெட்டிகள் நெஞ்சை உலுக்கின. குழாயில் பேஸ் ஏறாது. மலைக்கு முதலில் போனது தப்பு மட்டும்.

அப்போது மலையில் பால் நிறுக்கும் கொட்டிலில் வாளிகளைத் தூக்கித் தராசில் வைக்கும் கையாள் வேலை எனக்கு. முதல் அடியிலேயே கத்திகள் நின்றன. பெண்கள் முந்தானையை இடுப்பில் செருகினார்கள். எனக்கு முன்னால் மரத்தடியில் அழகமுத்து கத்தியும் கையுமாக நின்றார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"நீ இங்க நிக்கிற. அப்ப அங்க யாரு அடிக்கிறது?" என்றாள் எங்கள் லயத்துச் சின்னம்மா.

அழகமுத்து கொஞ்ச நேரம் காதுகொடுத்தார்.

"நாந்தான்," என்றார்.

யாரும் அதற்குமேல் நிற்கவில்லை. நடுவில் சேர்ந்த தட்டல்களை ஓடுகிறவர்களில் யார் கேட்டார்கள்? தோட்டத்தில் சாகக் காத்திருந்தவர் ஒருவர்தான் என்பதால் எல்லோரும் எங்கள் லயத்துக்கே ஓடினார்கள். முடக்கில் திரும்பும்போதே பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். ஜீவராணி தலைவிரிகோலமாக முன்னால் ஓடினாள்.

வெள்ளையம்மா வாசலில் உட்கார்ந்து சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கியபடி சாயத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"யாருடி செத்தா?" என்று கேட்டார்.

ஒப்பாரி அப்படியே நின்றது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்த வெள்ளையம்மாவுக்கு விளங்கிவிட்டது. பின்னால் யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். கோயில் பக்கம் இருந்து பேஸ் அப்போதுதான் எங்கள் காதுக்கு எட்டியது.

மலையில் அன்றைய பால் முழுவதும் சிரட்டைகளில் உறைந்துபோனது. அன்றைக்கு யாருக்கும் பேர் விழவில்லை, அன்றைய கூலி போனது. சாயங்காலம் கணக்கப்பிள்ளை லயத்துக்கு வந்தார். சதீஸ் தோட்டத்தில் பேர் பதியாதவன், கடைக்காரனின் ஆள். அவனை அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் அழகமுத்துவைக் கூப்பிட்டு, தப்பை எடுத்துவரச் சொன்னார்.

"சத்தம் ஒன்னுதுதானே? அப்ப நீதான் பதில் சொல்லணும்," என்றார்.

பால் வெட்டுகிற கத்தியை வாங்கித் தப்பின் தோலை ஓரத்திலிருந்து ஓரம்வரை கீறினார். அவசரப்படாமல், மரத்தில் பட்டை சீவுகிற சாய்வில் கீறினார். இனிமேல் தப்புச் சத்தத்துக்கு இறங்குகிறவர்களுக்கு அன்றைய பேர் கிடையாது, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் எந்தச் சாவுக்கும் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இத்தனை வருஷம் எந்தத் துரையாலும் முடியாதது அவருக்கு ஒரே நாளில் முடிந்தது. சதீஸ் தன் காம்பராவுக்குள் நின்று கதவிடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தான்.

திருவிழா முடிந்ததும் அழகமுத்து வந்தார். எங்கள் லயத்தில் அவர் வாசல்படி ஏறுவதில்லை, யாரும் ஏறச் சொல்வதும் இல்லை. முற்றத்திலேயே நின்றார்.

"அத அழிச்சுடு தம்பி. அம்மன் முன்னுக்கு சூடத்த அணைச்சு, அழிச்சிட்டேன்னு சொல்லு. நான் புதுத்தோல் கட்டிக்கிறேன்."

"கொழும்புக்கு அனுப்பியாச்சுண்ணே. இங்க அழிச்சாலும் அங்க இருக்கும்."

"அங்க இருக்கறது எனக்கென்னத்துக்கு? நீ இங்க அழி."

ரொஷேன் அன்று காலையில்தான் எழுதியிருந்தான். மிக்ஸைப் போடுவதாகவும், முடிவை மட்டும் கொஞ்சம் மாற்றித் தரும்படியும் கேட்டிருந்தான். பதிந்தது கையில் இல்லாமல் அது முடியாது. உள்ளே இருந்து வெள்ளையம்மா பேசினார்.

"டேய், அந்த மனுசன் சொல்றதக் கேளுடா. எனக்கு அழ வேண்டியத எல்லாம் அன்னைக்கே அழுதுட்டாளுங்க. அடிக்கவாவது ஆள் வேணாமா?"

"ஏன், நீ இப்பவே போகப் போறியா?" என்றான் சதீஸ்.

அழகமுத்து சிரித்தார். திரும்பி நடந்தார். அவர் புதுத்தோல் கட்டவில்லை.

மிக்ஸ் வெளிவந்தது. அதில் அவன் பெயர் இருந்தது. எங்கெங்கோ நாடுகளில் இருக்கும் முகம் தெரியாதவர்கள் அந்த ட்ரம் எது, எங்கே பிடித்தாய் என்று கேட்டு எழுதினார்கள். யட்டியாந்தோட்டை த்ரீவீலர்களில் அது ஓடத் தொடங்கியது. சிங்களப் பையன்கள் கடைக்கு வந்து 'மள பெர' பாட்டை, சாவு மேளப் பாட்டைக் கேட்டார்கள். கொழும்பில் நடக்கும் பார்ட்டிக்கு வந்து வாசிக்கும்படி ரொஷேன் கூப்பிட்டான். தமிழ் அடையாள அட்டையோடு கொழும்பு லாட்ஜில் ஒரு ராத்திரி தங்குவதே பயமாக இருந்த காலம். அதனால் போகாமல் தள்ளிப்போட்டான். ஆனால் நடை மாறியிருந்தது. புது ரிலீஸ்களை இறக்கிக்கொண்டே இருந்தான். போனில் இடம் போதாமல், அழகமுத்து கேட்டபோது அழிக்காததைத் தானாகவே ஒருநாள் அழித்தான்.

ரப்பர் கொட்டை வெடிக்கிற மாதத்தில் வெள்ளையம்மா இறந்தார். காலை நேரம். ஜீவராணி மலையில் இருந்தாள். வீட்டில் சதீசும், காய்ச்சல் என்று அன்று வேலைக்குப் போகாத சின்னம்மாவும்தான்.

சதீஸ் அழகமுத்துவைத் தேடிப் போனான். அவர் அன்று மலைக்குப் போகாமல் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தார். அவன் சொல்லி முடிக்கும்வரை கோடரியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"என் அடி ஒங்கிட்டத்தானே இருக்கு," என்றார். "போடு."

அவன் காலில் விழுந்தானாம். அழகமுத்து காலை நகர்த்திக்கொண்டு அடுத்த கட்டையை எடுத்து நிறுத்தினாராம்.

கோயிலுக்குச் சொந்தமான ஒற்றைக் குழாயைக் கொண்டுவந்து லயத்துக் கூரையில் கட்டினான் சதீஸ். தனியாகப் பதிந்தது அழிந்துவிட்டது. மிக்ஸ் மட்டும்தான் மிச்சம். தப்பு முடிந்து தட்டல்கள் தொடங்கும் இடத்துக்கு முன்னால் நிறுத்தி, மறுபடி முதலுக்குத் தள்ளினான். ஒரு கை பொத்தானில். பக்கத்தில் அம்மாவின் வாயை மூடித் தாடையைக் கட்டிக்கொண்டிருந்த சின்னம்மா, துணியின் ஒரு நுனியைப் பிடிக்கச் சொன்னாள். அவன் பிடித்தான். பொத்தானில் கை இல்லை. தட்டல்கள் வந்தன, அதன் பின்னால் எல்லாமே வந்தது.

மலையில் எங்களுக்கு அது தெளிவாகக் கேட்டது. முதலில் தப்பு வந்தபோது சிலர் கத்தியை நிறுத்தினார்கள். தட்டல்கள் வந்ததும் மலை முழுவதும் சிரிப்பு.

"ஒங்கண்ணன் பாட்டுப் போட்டுட்டாருடி," என்றாள் ஒருத்தி ஜீவராணியிடம். "எறங்கி ஓடு, ஒங்கம்மா மறுபடி செத்துட்டாங்க."

ஜீவராணி மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தாள். பிறகு அண்ணனை வாயில் வந்தபடி திட்டினாள். ஆத்தா நோவில கெடக்கா, இவனுக்குக் கூத்து என்றாள். அடுத்த மரத்துக்குப் போனாள். கீழே பாட்டு நின்று மறுபடி முதலில் இருந்து தொடங்கியது. மறுபடி நின்றது. மறுபடி தொடங்கியது. அது ஏன் என்று யாரும் யோசிக்கவில்லை. பால் நிறுக்கும் நேரம் வந்தது. ஜீவராணி வாளியைக் கொண்டுவந்து தராசுக்கு முன்னால் வைத்தபோது சின்னம்மா மலையேறி வந்து சேர்ந்தாள். காய்ச்சலோடு ஏறியதில் அவளால் பேச முடியவில்லை. ஜீவராணியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான்.

லயத்துக்கு வந்த ஜீவராணி அம்மாவின் பக்கத்தில் போகாமல் முதலில் கூரையில் ஏறிக் குழாயைப் பிடுங்கி முற்றத்தில் போட்டாள்.

"பாட்டு அனுப்புனியே, ஒரு ஆள அனுப்புனியாடா?" என்றாள்.

ஆட்கள் வந்தார்கள். பாலை நிறுத்து, கைகால் கழுவி, பேர் விழுந்ததை உறுதி செய்துகொண்டு வந்தார்கள். பெண்களில் அழுதவர்கள் கொஞ்சம்தான். மற்றவர்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பொழுது சாய்வதற்குள் தூக்கினோம். அழகமுத்து வந்தார், வெறுங்கையோடு எங்களோடு நடந்தார். முன்னால் அடி இல்லாமல் பாடை தூக்கிய பழக்கம் யாருக்கும் இல்லை. கால்கள் ஒன்றாக விழவில்லை. பாடை ஆடியது. சதீஸ் கொள்ளிச்சட்டியோடு முன்னால் போனான். ரப்பர் மரங்களுக்கு நடுவே கொட்டைகள் வெடித்துக்கொண்டிருந்தன.

சுடுகாட்டு வளைவில் பின்னால் இருந்து யாரோ ஒருவன் தொடையில் மெதுவாகத் தட்டத் தொடங்கினான். இரண்டு அடி, இடைவெளி, சிதறல், இடைவெளி. பாடை ஆடுவது நின்று கால்கள் ஒன்றாக விழுந்தன. கொஞ்ச தூரம் அப்படியே போனோம். பிறகு இன்னொருவன் வாயால் பேஸைப் போட்டான். அடக்கப் பார்த்தும் முடியாமல் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

சதீஸ் திரும்பவில்லை. பேஸ் சரியான இடத்தில்தான் விழுந்தது.