இரண்டு செம்பு ஜலம்

பட்டாபி மாமா ஒரு நாளைக்கு எத்தனை முறை குளிப்பார் என்று மலையாள தேசத்துக் கரமனையில் எங்கள் தெருவில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அவர் கீழ்வீட்டுக்காரர், நான் மாடியில் வாடகைக்கு இருந்தேன். தெருக் கோவிலின் மடப்பள்ளியில் நைவேத்தியம் செய்கிற வேலை அவருக்கு. விடியும் முன் ஒரு குளியல், உச்சிபூஜைக்கு முன் ஒன்று, சாயங்காலம் ஒன்று. இவையெல்லாம் தொழிலுக்கான குளியல்கள். மற்றவை அம்மிணிக்கானவை.

அம்மிணி செம்பட்டை நிறத்து நாட்டு நாய். குட்டியாக இருந்தபோது ஒரு மழையில் கொல்லை மதிலோரம் வந்து ஒண்டியவள் அங்கேயே தங்கிவிட்டாள். வளர்ப்பது என்று யாரும் தீர்மானிக்கவில்லை. கொல்லை வாசற்படியைத் தாண்டி அவள் வீட்டுக்குள் வரக்கூடாது. வந்ததும் இல்லை. நாயைத் தொட்ட கையோடு மாமா மடப்பள்ளிக்குள் போக முடியாது. தொடாமல் இருக்கவும் அவரால் முடியவில்லை. காதுக்குப் பின்னால் சொறிந்துவிடுவார், உண்ணி எடுப்பார், இன்றைக்குப் பாயசம் அடிப்பிடித்துவிட்டது, பெரிய பூசாரி மேல்சாந்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார் என்பது மாதிரி விஷயங்களைச் சொல்வார். பிறகு கிணற்றடிக்குப் போவார். பகலில் கப்பி சத்தம் கேட்டால் மாடியில் இருக்கிற எனக்குப் புரிந்துவிடும்.

விஜயம் மாமிக்கு இது நல்ல விளையாட்டு. "கட்டின பொண்டாட்டியைத் தொட்டுட்டு இத்தனை குளி குளிச்சிருந்தா இந்தக் கெணறு எப்பவோ வத்திப் போயிருக்கும்," என்பாள், நான் படியிறங்குவதைப் பார்த்துக்கொண்டே. மாமா ஈரத் தலையைத் துவட்டியபடி சிரிப்பார்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதை யாரும் பேசுவதில்லை. அவர்களும்தான்.

அம்மிணி போன வருஷம் விறகுப்புரையில் ஐந்து குட்டிகள் போட்டாள். ஒன்றுகூட மிஞ்சவில்லை. இரண்டை மழை கொண்டுபோயிற்று, இரண்டு மெயின் ரோட்டில் போயின. கடைசிக் குட்டி எப்படிப் போயிற்று என்பதை மாமா என்னிடம் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார். இந்த வருஷம் மறுபடியும் நாலைந்து ஆண் நாய்கள் வாசலில் படுத்துக்கொண்டு ஒன்றையொன்று கடித்துக் குதற ஆரம்பித்தபோது, மாமிதான் முடிவு கட்டினாள்.

"இனிமே ஒரு தடவை அந்த அழுகையைக் கேக்க என்னால ஆகாது. ஆபரேஷன் பண்ணிடுங்கோ."

"பாவம் அல்லே, விஜயம்?"

"எது பாவம்? பெத்துப் பெத்துப் போட்டுட்டு ஒண்ணொண்ணாப் போறதைப் பாத்துண்டு நிக்கறது பாவமில்லையா?"

மாமா மறுநாள் ஆட்டோக்காரன் ரதீஷிடம் பேசினார்.

அன்று காலை நானும் அவர்களோடு ஏறிக்கொண்டேன். என் வேலை தம்பானூரில், ஆஸ்பத்திரி போகிற வழியில். ரதீஷ் பின் சீட்டில் பிளாஸ்டிக் பை விரித்திருந்தான்.

"சாமி, இந்தப் பட்டி சீட்டுல மூத்திரம் போச்சுன்னா வண்டியையும் நீங்கதான் குளிப்பாட்டணும். ஒரு குளி கூடுதலா ஆயிப்போச்சுன்னு வெச்சுக்கோங்க."

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டுடா," என்றார் மாமா. அம்மிணியின் தலை அவர் மடியில் இருந்தது. முதல் நாள் ராத்திரியிலிருந்து பட்டினி. எதற்கென்று தெரியாமல் அவர் கையை நக்கிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் ஷிஜா பாறசாலைக்காரி. மலையாளத்துக்கு நடுவே தமிழ் வரும். சின்ன வயசு. மேஜைமேல் நிறுத்தி அம்மிணியின் வயிற்றைத் தடவிப் பார்த்தபடியே எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள். வயிற்றில் கீறி கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள். சாயங்காலமே வீட்டுக்குக் கொண்டுபோகலாம். மயக்கம் முழுக்கத் தெளிந்திருக்காது. தள்ளாடுவாள், நடுங்குவாள், காரணமில்லாமல் முனகுவாள், ராத்திரி சோற்றைத் திரும்பிப் பார்க்கமாட்டாள். அதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். வெளியே விடாமல் வீட்டுக்குள் உலர்ந்த இடமாகப் பார்த்துப் படுக்க வைக்கவேண்டும். தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டுவார்கள்; பாவமாக இருக்கிறது என்று அதைக் கழற்றிவிடக்கூடாது.

"ஸ்டிச்சு எடுக்கற வரைக்கும் குளிப்பாட்டக் கூடாது அங்கிளே, கேட்டோ. அதுதான் முக்கியம்."

"இல்லை இல்லை. குளிப்பாட்டவே மாட்டேன்," என்றார் மாமா. பிறகு, கொஞ்சம் தயங்கி, "டாக்டர், பின்னாடி இவளுக்கு வெஷமம் உண்டாகுமோ? குட்டி இல்லையேன்னு ஏங்குவாளோ?"

ஷிஜா சிரிக்கவில்லை. "இல்ல அங்கிளே. இவளுக்கு அது ஓர்மையே இருக்காது. சமாதானமா இருப்பா."

மாமா நிம்மதியாகத் தலையாட்டினார். நான் வேலைக்குப் போய்விட்டேன். ராத்திரி எட்டு மணிக்குத்தான் திரும்பினேன். நடுவில் நடந்ததைப் பிறகு மாமி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். துண்டு துண்டாக, பல நாள் எடுத்துக்கொண்டு சொன்னாள்.

டாக்டர் வீட்டுக்குள் வைக்கச் சொன்னதை மாமா ஆட்டோவில் வரும்போதே யோசித்துக்கொண்டு வந்திருக்கிறார். விறகுப்புரை ஒழுகும். கொல்லைத் தாழ்வாரத்தில் சாரல் அடிக்கும். கடைசியில் வாசலில் இறங்கியதும் மாமியிடம், "இன்னிக்கு இவளை உள்ளே படுக்க வெச்சுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அந்தக் குரலில் எதையும் கேட்டதில்லை என்றாள் மாமி. உள்ளே போய்ச் சாமான் வைக்கிற கலவறைக்குப் பக்கத்து இடைகழியில் பழைய நூல்புடவை ஒன்றை நாலாக மடித்துப் போட்டுவிட்டு வந்தாள்.

எங்கள் தெருவில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தவர்கள் அப்படியே நடை ஏறுவதில்லை. கொல்லை வழியாகக் கிணற்றடிக்கு வந்து தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைவார்கள். பிரசவத்துக்குப் போய் வந்தாலும் சரி, பல் பிடுங்கிக்கொண்டு வந்தாலும் சரி. மாமா தன் தலையில் விட்டுக்கொண்டார். பிறகு கிணற்றடியில் சாக்கின்மேல் கிடந்த அம்மிணியைப் பார்த்தார். கொல்லையிலேயே கிடக்கிறவளுக்கு இந்தப் பேச்சே இல்லை. ஆனால் அன்று அவள் முதல் முறையாக வீட்டுக்குள் வரப்போகிறவள்.

"டாக்டர் குளிப்பாட்டப்படாதுன்னாளே?" என்று மாமி கேட்டாள்.

"யார் குளிப்பாட்டறா? தேய்ச்சாத்தானே குளி? தலையில ரெண்டு செம்பு. தீட்டுப் போகணுமே. வயத்துல படாம விடறேன்."

"எனக்கும் அது சரின்னுதான் பட்டுது," என்று மாமி என்னிடம் சொன்னாள். "சரின்னு பட்டுதே, அதைத்தான் என்னால தாங்க முடியலை."

மங்கிய வெளிச்சம். வயிற்றில் படாமல் இருக்கக் கூம்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, மந்திரம் முணுமுணுத்தபடி மாமா முதல் செம்பைத் தலையில் விட்டார். தண்ணீர் கீழே வழியவில்லை. அதை அவர் கவனிக்கவில்லை. இரண்டாவது செம்பையும் விட்டார். கழுத்தைச் சுற்றி இருந்த கூம்பு கிண்ணம் மாதிரி நிரம்பி நின்றது. அதற்குள் அம்மிணியின் மூக்கும் வாயும் முங்கியிருந்தன. மயக்கம் தெளியாதவளால் தலையைத் தூக்க முடியவில்லை. களக் களக் என்று ஒரு சத்தம் வந்ததும்தான் மாமாவுக்குப் புரிந்தது. பதறி அவளை வாரித் தூக்கினார். கூம்பில் நின்ற தண்ணீர் மொத்தமும் நெஞ்சு வழியாக வயிற்றுக் கட்டுக்கு இறங்கியது. அவர் கையிலேயே அவள் இருமி இருமி, கண்கள் பிதுங்க, அவரைப் பார்த்தபடியே மூத்திரம் போனாள்.

நான் வீடு திரும்பியபோது இடைகழியில் விளக்கு எரிந்தது. அம்மிணி புடவைமேல் நடுங்கிக்கொண்டு கிடந்தாள். மாமா பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அன்று அவர் அதற்குப் பிறகு குளிக்கவில்லை. அவர் கை நகரும் போதெல்லாம் அவள் உடம்பு சுவர்ப்பக்கமாக ஒடுங்கிற்று. மயக்கத்தில் இப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள், என்றார். நானும் ஆமாம் என்றேன்.

கட்டின் மேல்பக்கத்தைத் துணியால் ஒற்றி, விசிறியால் விசிறி, உலர்ந்துவிட்டதாக நினைத்திருக்கிறார்கள். உள்ளே ஈரம் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் வாடை வந்தது. அவள் சோறும் தின்னவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. மறுபடியும் ரதீஷின் ஆட்டோ. இந்த முறையும் நான் கூடப் போனேன்.

தையல் விட்டுப்போய் உள்ளே சீழ் கட்டியிருந்தது. ஷிஜா பார்த்துவிட்டு, "அங்கிளே, நான் என்ன சொன்னேன்?" என்றாள்.

"குளிப்பாட்டலை டாக்டர்," என்றார் மாமா. பிறகு, "ரெண்டு செம்பு விட்டேன்," என்றார். ஏன் என்று அவளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த அறையில் நின்றுகொண்டு என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பவும் கீறி, சுத்தம் செய்து, தைத்து, ஒரு வாரம் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். மாமா தினமும் போனார். கூண்டின் பக்கம் போனால் அவள் மூலைக்குப் போகிறாள் என்று தெரிந்ததும் கதவோரம் நின்று பார்த்துவிட்டு வந்தார். அவளுக்காகக் கோவிலில் ஏதும் வேண்டிக்கொண்டீர்களா என்று மாமி கேட்டதற்கு, "எந்த மொகத்தோட?" என்றாராம்.

பிழைத்தாள். தையல் பிரித்து அழைத்து வந்த நாளில் ஆட்டோ தெருமுனையில் வேகம் குறைந்தபோது, அவர் மடியிலிருந்து உருவிக்கொண்டு குதித்தாள். அங்கே, எங்கள் முனைவீட்டின் கொல்லைக் கதவுக்கு எதிரே, சுடலைக்கண்ணுவின் இஸ்திரி வண்டி நிற்கும். வள்ளியூர்ப் பக்கத்துக்காரர், தெருவில் எல்லார் சட்டையும் அவர் பெட்டியில்தான் மடிப்புப் பெறும். அம்மிணி வண்டிக்கு அடியில் ஓடிப் பின் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டாள்.

மாமா குனிந்து கூப்பிட்டார். வழக்கமாகக் கூப்பிடுகிற மாதிரி, நாக்கை அண்ணத்தில் தட்டி. அவள் பல்லைக் காட்டினாள்.

"சாமி, இப்பம் விடுங்கோ," என்றார் சுடலைக்கண்ணு. "புள்ள பேடிச்சு நடுங்கிக் கெடக்கு. கொஞ்சம் கழிஞ்சா அதுவே வரும்."

வரவில்லை. வண்டிக்கு அடியில் கரிச் சூடு இறங்கியிருக்கும், மேலே தார்ப்பாய் உண்டு. அவள் அங்கேயே இருந்துகொண்டாள். டாக்டர் சொன்னபடி சமாதானமாகத்தான் இருந்தாள். சதை போட்டது, வயிற்றில் மயிர் வளர்ந்து தழும்பை மூடிற்று. ஆண் நாய்கள் வருவதை நிறுத்திவிட்டன. ரதீஷ் கொடுத்தால் ரஸ்க் தின்றாள். நான் தடவினால் வாலாட்டினாள். மாமா கோவிலிலிருந்து ஈரவேட்டியோடு தெருவில் இறங்கினால் மட்டும், அவர் பத்து வீடு தள்ளி வரும்போதே எழுந்து மதிலேறிப் போய்விடுவாள்.

"சாமி, நீங்க காஞ்ச துணியுடுத்து வந்து பாருங்களேன்," என்று சுடலைக்கண்ணு ஒரு நாள் சொன்னார். "ஈரம்னா அதுக்கு ஆகல்ல." சொன்னதோடு, மாமாவின் சட்டை ஒன்றைச் சூடாகத் தேய்த்தும் கொடுத்தார். மாமா அதைப் போட்டுக்கொண்டு, ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி, வண்டிக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். அம்மிணி காற்றை முகர்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மதிலேறிப் போனாள்.

அதன் பிறகு பிசைந்த சோற்றை வாழையிலையில் கொண்டுவந்து சுடலைக்கண்ணுவிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கமாயிற்று. "என் கையால போட்டாத்தான் மகாராணிக்கு எறங்கும்," என்று முதல் நாள் சுடலைக்கண்ணு வேடிக்கையாகச் சொன்னார். மாமாவின் முகத்தைப் பார்த்த பிறகு அப்படிப் பேசுவதை விட்டுவிட்டார்.

கப்பி சத்தம் குறைந்துபோனது. மாடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும்போது, கேட்காத சத்தத்துக்காக நான் காத்திருப்பதைச் சில சமயம் உணர்வேன். தொழிலுக்கான மூன்று குளியல்கள் மட்டும் மிஞ்சின. மாமி கேலி பண்ணுவதில்லை. ஒருமுறை நான் வாடகை கொடுக்கப் போனபோது, இடைகழியில் அந்த நூல்புடவை மடித்தபடியே கிடந்தது. "எடுக்கவேண்டாம்னு சொல்லியிருக்கார்," என்றாள் மாமி.

ஆடி மாதம் கோவில் கொடைக்காகச் சுடலைக்கண்ணு ஊருக்குப் போனார். வண்டியைத் தார்ப்பாயால் மூடிக் கட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார். கரிச்சூடும் இல்லை, சோறு போடுகிற கையும் இல்லை. மாமாவுக்கு ஒரு நம்பிக்கை வந்திருக்க வேண்டும். கொல்லைக் கதவைத் திறந்தே வைத்திருந்தார். அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. என் ஜன்னலிலிருந்து வண்டி நன்றாகத் தெரியும். அம்மிணி அதன் அடியில், தண்ணீர் ஓடாத ஒரு முழம் இடத்தில், கால்களை உள்ளிழுத்துக்கொண்டு நின்றிருந்தாள். எங்கள் கொல்லைக் கதவு அவளுக்கு நேரெதிரே திறந்து கிடந்தது.

மாமா குடையோடு வெளியே வந்தார். இலையை மார்போடு அணைத்திருந்தார். வண்டிக்குச் சற்றுத் தள்ளி நின்றார். அவள் மழையில் ஓடிவிடத் தயாராக உடம்பைத் திருப்பினாள். அதைப் பார்த்ததும் அவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு மெதுவாகக் குனிந்து, இலையைச் சக்கரத்துக்கு அருகில் தள்ளிவிட்டு, நனையாமல் இருக்கக் குடையை அதன்மேல் சாய்த்து வைத்துவிட்டு, நனைந்துகொண்டே திரும்பி நடந்தார். வீட்டு வாசலுக்கு வந்தவர் தெருவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றார். பார்த்தால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்பது போல.

"தம்பி," என்று மேலே பார்க்காமலே கூப்பிட்டார். "மாடியிலதானே இருக்கேள்?"

"ஆமா மாமா."

"சாப்பிடறாளா, பாத்துச் சொல்லுங்கோ."

அவள் இன்னும் அசையவில்லை. குடையை முகர்ந்தாள், பின்வாங்கினாள், தெருவை ஒருமுறை பார்த்தாள். அவர் அருகில் இல்லை என்று உறுதியான பிறகுதான் கழுத்தை நீட்டினாள்.

"சாப்பிடறா மாமா."

அவர் தலை லேசாக அசைந்தது. மழை சத்தத்தில் குரல் சரியாகக் கேட்கவில்லை.

"முழுக்கச் சாப்பிடற வரைக்கும் பாருங்கோ," என்றார். "நான் இங்கேயே நிக்கறேன்."