சுவர்ப் பக்கத்துக்குப் பத்திரிகை இல்லை

ஒரு கம்பெனியில் வேலை செய்பவர்கள் சொந்தபந்தம் போலப் பழகினால் வேலை நடக்குமா, கெடுமா? எம்.பி.ஏ. தேர்வில் இதற்குப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதித் தேறியிருக்கிறேன். பதில் மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

செல்லூரில் ஒரு சந்துக்குள், மாடியில் நைட்டி தைக்கும் கம்பெனியில் நான் மேனேஜர். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு வரிசை மெஷின்கள், அவற்றில் தைக்கும் பெண்கள், துணி வெட்டித் தரும் கட்டிங் மாஸ்டர், கீழே கடையில் முதலாளி, நடுவில் நான். திருநகரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவதற்குள், மாமியாரிடம் விட்டு வந்த மகளை நினைத்து வீட்டுக்குப் போன் செய்துகொண்டே இருப்பேன். அத்தை எடுத்ததும், "மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருக்கா" என்று சொல்லி வைத்துவிடுவார்.

எங்கள் மாடியில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி வீட்டில் விசேஷம் என்றால் எல்லோருக்கும் பத்திரிகை. பத்திரிகை வைத்துவிட்டால் எல்லோரும் போக வேண்டும். போகாமல் வேலைக்கு வந்தால் அதைக் கடமையுணர்வு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், பகை என்பார்கள். வைகாசியில் ஒருத்தியின் அண்ணன் புது வீட்டில் பால் காய்ச்சினார். அன்று மாடியில் ஓடியது மின்விசிறி மட்டும்தான். எங்களிடம் மொத்தமாகச் சரக்கு எடுக்கும் வெளிக் கடைக்காரரின் வேன் வெறுமனே திரும்பியது. முதலாளி மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"ஏம்மா, நான் நடத்துறது கம்பெனியா, கல்யாண மண்டபமா? இம்புட்டுப் படிச்சிருக்கீக, என்னமாச்சும் பண்ணுங்க."

இம்புட்டுப் படித்திருந்த காரணத்தால் பண்ணினேன். ஜன்னலோரம் இருக்கிற வரிசை ஒரு அணி, சுவரோரம் இருக்கிற வரிசை இன்னொரு அணி. அணிக்கொரு ஓவர்லாக், அதாவது துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கிற மெஷின். அணிக்கொரு நூல் பெட்டி. இனி ஒருத்தி வீட்டில் விசேஷம் என்றால் அவள் பக்கத்து ஆட்கள் மட்டும் லீவு எடுக்கலாம், மற்றப் பக்கம் தைக்கும். இதைக் கலர் கலராக ஒரு தாளில் போட்டு லேமினேட் செய்து மாட்டினேன். மாட்டுவதற்கு முன்பு அத்தையிடம் காட்டியபோது, "நல்லா பளபளன்னு இருக்கு" என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

முதலில் வேலை பறந்தது. முதலாளி டீயோடு வடையும் அனுப்பினார். யாராவது கூப்பிட்டு விருது கொடுத்தால் பேசுவதற்கு பஸ்ஸில் ஒரு சின்ன உரைகூடத் தயாரித்தேன்.

ஆனியில் ஜன்னல் பக்கத்து ஓவர்லாக் அக்காவின் மகளுக்கு மேலூரில் சடங்கு வைத்தார்கள். அக்கா தன் பக்கத்துக்கு மட்டும் பத்திரிகை வைத்தார். நான் பிரித்தது லீவை, அவர் பத்திரிகையையும் சேர்த்துப் பிரித்துவிட்டார். வர முடியாதவர்களுக்குப் பத்திரிகை நீட்டினால் கேலி செய்வது போல இருக்கும் என்று நினைத்தாராம். விசேஷத்தன்று சுவர்ப் பக்கம் தலை நிமிராமல், ஒரு வார்த்தை பேசாமல் தைத்தது. அந்த அமைதியை நான் ஒழுங்கு என்று நினைத்து உள்ளூர மகிழ்ந்தேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு இரண்டு வட்டம். அதுவரை ஒரே வட்டம்தான். என் எலுமிச்சை சாதம் நடுவில் காணாமல் போய், யாரோ ஒருவரின் கருவாட்டுக் குழம்பாகத் திரும்பி வரும். இப்போது இரண்டு வட்டமும், "வாங்க மேடம்" என்றன. எதில் உட்கார்ந்தாலும் தப்பு. போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு, என் மேசையில் நின்றபடியே சாப்பிட்டேன்.

அந்த வாரமே ஜன்னல் பக்கத்து ஓவர்லாக்கின் பெல்ட் அறுந்தது. சுவர்ப் பக்கத்து மெஷின் சும்மா இருந்தது. துணிகளை அங்கே தள்ளச் சொன்னேன்.

"அது அவுக வேலை மேடம்" என்றார் சுவர்ப் பக்கத்து அக்கா.

"மெஷின் சும்மாதானேக்கா இருக்கு?"

"இருக்கட்டும். அழைக்காத வீட்டுக்கு எங்க மெஷின் போகாது."

ஜன்னல் பக்கத்து அக்கா எழுந்துவிட்டார். "ஏன்டி, உன் மெஷினுக்கு வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமாக்கும்?"

"மெஷினுக்கு வேணாம். மனுசருக்கு வச்சிருக்கலாம்ல?"

கட்டிங் மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்தார். "மேடம், நான் எந்தப் பக்கம்னு சொல்லிருங்க. அந்தப் பக்கமே மூஞ்சியத் திருப்பி வச்சுக்கிறேன்."

மெக்கானிக் வர மறுநாளாகிவிட்டது. சரக்கு மறுபடியும் தாமதம். வைகாசியில் யாரும் வராததால் தாமதம், இப்போது எல்லோரும் வந்திருந்தும் தாமதம். தீபாவளிச் சரக்கின் முதல் லோடு ஆவணி முடிவதற்குள் வராவிட்டால் வேறு கம்பெனிக்குப் போய்விடுவதாகக் கடைக்காரர் சொல்லிவிட்டார். "அது போச்சுன்னா ஒரு வரிசைய மூடிர வேண்டியதுதாம்மா" என்றார் முதலாளி. எந்த வரிசை என்று அவர் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் மூடப்போவது எதிர்ப் பக்கத்தைத்தான் என்று நம்புகிறது.

மாட்டியிருந்த தாளைக் கழற்றினேன். இனி எல்லோரும் ஒன்றுதான் என்று அறிவித்தேன். "சரி மேடம்" என்றார்கள். போய் இரண்டு வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

இப்போது யோசித்தால், முன்பெல்லாம் விசேஷம் முடிந்த மறுநாள், அந்த வீட்டு அதிரசத்தைத் தின்றுகொண்டே விட்டுப்போன வேலையை யாரும் சொல்லாமல் இழுத்துப் போட்டுச் செய்வார்கள். ஒருத்தியின் கைவேலை தேங்கினால் பக்கத்தில் இருப்பவள் தன் மடியில் அள்ளிப் போட்டுக்கொள்வாள். அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஆனால் அது அப்படித்தான் நடந்ததா, இல்லை என் தவிப்பில் இப்போது அப்படித் தோன்றுகிறதா? வைகாசியில் வேன் வெறுமனே போனதும் உண்மைதானே?

இந்த நேரத்தில் என் மகளுக்குக் காதுகுத்து. மேலூருக்கு அந்தப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில், ஆவணியில், லோடு ஏற்ற வேண்டிய அதே வாரத்தில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். வெளிநாட்டில் இருக்கிற என் தம்பிக்கு அப்போதுதான் லீவு. தேதியை மாற்றலாமா என்றதற்கு அத்தை, "உன் கம்பெனிக்கா காது குத்துறோம்?" என்றார். என் கணவரோ, "பேசாம கம்பெனியிலயே குத்திருவோம். ஊசி அங்கதான கிடக்கு" என்றார். எல்லோரையும் அழைக்கலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். "நீங்கதானம்மா மேனேஜர்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போய்விட்டார்.

விஷயம் மாடிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "பாப்பாவுக்குக் காதுகுத்தாமே மேடம், எந்தப் பக்கத்துக்கு?" என்று ஜன்னல் பக்கம் கேட்டது. "நாங்க ஒண்ணும் கேக்கலப்பா" என்றது சுவர்ப் பக்கம். அதுதான் அதிகமாகக் குத்தியது.

எல்லோரையும் அழைத்தால் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு ஒருவேளை சேர்ந்துவிடுவார்கள். ஆனால் ஒரு நாள் வேலை போய், லோடு பிந்தி, ஒரு வரிசைப் பெண்களுக்கு வேலையே போகலாம். யாரையும் அழைக்காவிட்டால் அன்று மெஷின்கள் ஓடும், இப்போது ஓடுகிற லட்சணத்தில். அப்படி ஓடினாலும் லோடு ஏறுமா என்று தெரியவில்லை.

பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. ஒரு கட்டு என் கைப்பையில் தினமும் செல்லூர் போய்த் திரும்பி வருகிறது. இப்படி ஒரு இடத்தில் வேலை பார்த்தவர்களோ, ஆள் வைத்து நடத்தியவர்களோ இதைப் படித்தால் ஆடி முடிவதற்குள் தயவுசெய்து சொல்லுங்கள். எல்லோருக்கும் வைக்கட்டுமா? வைப்பதென்றால், படியேறிப் போனதும் முதல் பத்திரிகையை எந்தப் பக்கம் நீட்டுவது?