அலை இல்லாத தண்ணீர்

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் எல்லாரும் கடலைத்தான் பார்க்க வருகிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். நான் வாழ்க்கைப்பட்டது கடற்கரைக் கிராமத்துக்காரருக்கு. கடல் எனக்குச் சலித்துவிட்டது. தட்டாஞ்சாவடியில் வேலை முடிந்து முத்தியால்பேட்டை வீட்டுக்குத் திரும்பும்போது, சுற்றுவழி என்றாலும் நகர நடுவிலிருக்கும் எங்கள் குளத்தங்கரைப் பக்கம்தான் ஸ்கூட்டியைத் திருப்புவேன்.

வெள்ளைக்காரன் கோடு கிழித்துத் தெரு போடுவதற்கு முன்பே இருந்த குளம் என்பார்கள். நூல் பிடித்த மாதிரி வருகிற தெரு, குளத்தருகே மட்டும் கொஞ்சம் வளைந்து போகிறது. அதைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும். ஊரையே வளைத்த துரைமார் இந்தக் குளத்துக்கு வளைந்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு கர்வம். பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கும் எதிர்வீட்டுப் பெரியவர் இன்னமும் அதைக் குளம் என்று சொல்லாமல், பிரெஞ்சில் 'பஸ்ஸேன்' என்றுதான் சொல்வார். கருங்கல் படிகள் நடுவில் தேய்ந்து குழிந்திருக்கின்றன. எத்தனை தலைமுறைப் பாதம் பட்டதோ! மழை விட்ட காலையில் கரையிலிருக்கும் கோயில் கோபுரம் தலைகீழாகத் தண்ணீரில் நிற்கும். மீன்கொத்தி ஒன்று விழுந்து எழுந்தால் கோபுரமே ஆடும். அந்த அழகை எந்தக் கடலிலும் நான் பார்த்ததில்லை.

அப்படிப்பட்ட குளத்தில்தான் பல வருஷம் குப்பையைக் கொட்டினோம். பிறகு புத்தி வந்து தூர் வாரினார்கள். போன வருஷம் நல்ல மழை. குளம் நிறைந்ததும், நின்றுபோயிருந்த தெப்பத்தை மறுபடி விடுவது என்று முடிவானது.

தெப்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மிதவை கட்டித் தண்ணீரில் இறக்குவது கடற்கரைக்காரர்கள் பொறுப்பு. கரையில் நின்று வடம் இழுப்பது சுற்றுக் கிராமத்து விவசாயிகளின் உரிமை. என் வீட்டுக்காரர் மிதவைப் பக்கம். என் அப்பா வடத்துப் பக்கம். எனக்குத் தெப்பமே வேண்டாம் என்றிருந்தது.

காரணம் இருந்தது. நான் விரும்பிக் கட்டிக்கொண்ட கல்யாணம் அது. அப்பா வீட்டுக்கு வருவார், பேத்தியைக் கொஞ்சுவார், என் கையால் சாப்பிடுவார். ஆனால் இவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. எதிரிலேயே இவர் உட்கார்ந்திருந்தாலும், 'அவர் சாப்டாரா' என்று என்னிடம்தான் கேட்பார். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் அதே கதைதான். இரண்டு பேரும் ஒரே இடத்தில், ஊர் முழுக்கப் பார்க்க நிற்கப்போகிறார்கள். அப்பா அங்கேயும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வேன் என்பதுதான் என் கவலை.

கட்டுமரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை, பின்பக்கம் படியில் ஊன்றியபடி தண்ணீரில் நின்றது. சாமியை ஏற்றினார்கள். மேளம் உச்சத்துக்குப் போனது. இடுப்பளவுத் தண்ணீரில் இவரும் இவருடைய ஆட்களும் மிதவையில் கை வைத்துத் தயாராக நின்றார்கள். நின்றார்கள், நின்றுகொண்டே இருந்தார்கள். எல்லார் கண்ணும் எதிர்க்கரையில்.

எனக்குப் புரிந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர்கள் அலைக்காகக் காத்திருந்தார்கள். பிறந்ததிலிருந்து அலை வந்து தூக்கும்போது தள்ளித்தான் அவர்களுக்குப் பழக்கம். கை தானாகக் காத்திருந்தது. குளமோ இலைகூட அசையாமல் கிடந்தது. கரையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. இவர் முகம் சிவந்துவிட்டது.

அப்பா சிரிக்கவில்லை. கையிலிருந்த வடத்தைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கி, இவர் பக்கத்தில் போய் நின்று மிதவைக்குத் தோள் கொடுத்தார்.

"இது கடல் இல்ல மாப்ள. அலை வராது. நாமதான் தள்ளணும்."

இவர் ஒரு நொடி அவரையே பார்த்தார். "சரி மாமா" என்றார்.

மிதவை படியை விட்டு நகர்ந்தது. அப்பா வடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. இவரோடு தண்ணீரிலேயே ஏதோ பேசிக்கொண்டு நடந்தார். தெப்பம் ரொம்ப அழகாகச் சுற்றி வந்தது என்று அக்கம்பக்கத்தில் எல்லாரும் சொன்னார்கள். நான் சாமியைப் பார்க்கவே இல்லை.