யார் தலையில் கரகம்

ஐந்தாம் வகுப்பில் நான்தான் குள்ளம். பிரேயரில் வரிசையின் முதல் ஆள், கபடியில் யாரும் கேட்காத ஆள். 'அரைப்படி' என்று எனக்குப் பேர். வளர்ந்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு திரிந்த அந்த வருஷம், என் உயரத்தை அளக்க நான் நம்பியது ஓர் ஈக்கூட்டத்தை. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

மணலூர்பேட்டைப் பக்கம் எங்கள் ஊர். மழை பெய்து ஏரி நிரம்பினால் போதும், பின்னாலேயே அந்தச் சின்ன ஈக்கள் வந்துவிடும். பார்க்கக் கொசு மாதிரி இருக்கும், கடிக்காது. கடிப்பதைத் தவிர மற்ற எல்லா அக்கிரமமும் செய்யும். கண்ணில் விழும், வாயைத் திறந்தால் உள்ளே போகும், ட்யூப் லைட்டைப் போட்டால் சுவரே தெரியாது. "இன்னா கருமம் இது, கொழம்புல மொளகு எது, ஈ எதுன்னே தெரியல" என்று அம்மா விளக்கை அணைத்துவிட்டு செல்போன் வெளிச்சத்தில் சோறு போடுவாள்.

அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். வெட்டியதைக் கட்டாகக் கட்டி, தலையில் சுமந்து, பலகைமேல் ஏறி லாரியில் அடுக்குவார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே அங்கே போய்விடுவேன். பொழுது சாயும்போது இருவரும் ஏரிக்கரை வழியாகத் திரும்புவோம். எங்கிருந்தோ அந்த ஈக்கள் தூண் மாதிரித் திரண்டு, அப்பாவின் தலைக்குமேல் நின்று ஆடும். அவர் நடந்தால் கூடவே வரும். "பாரு, எனக்குக் கரகம் ஏத்திட்டாங்க" என்பார். நெட்டை மனிதர், கரகம் அவருக்கு எடுப்பாகத்தான் இருக்கும். ஒட்டி நடக்கிற என் தலையை ஒரு ஈகூட மதிக்காது. எனக்கு அழுகையே வரும்.

"எனக்கு ஏம்பா வரல?"

"எனுக்கு இன்னா தெரியும்? அதுங்களையே கேளு."

கேட்டேன். மதகுக் கட்டைமேல் ஏறிக்கொண்டு அப்பாவைக் கீழே நிற்கச் சொன்னேன். கூட்டம் கொஞ்சம் தடுமாறிவிட்டு என் தலைக்கு வந்தது. இறங்கினேன், அவரிடமே போய்விட்டது. ஒரு கரும்பின் நுனியில் அவர் துண்டைக் கட்டித் தூக்கிப் பிடித்தேன். எங்கள் இருவரையும் விட்டுவிட்டுத் துண்டுக்குமேல் போய் ஆடியது. ஆக, ஆள் யார் என்பதெல்லாம் அதுகளுக்கு முக்கியமில்லை, அக்கம்பக்கத்தில் எது உசரமோ அதுதான். இதைக் கண்டுபிடித்ததிலிருந்து ஒரு வாரம் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை, அவ்வளவு கர்வம்.

அதோடு விட்டேனா? மதகோரச் சேற்றில் சிவப்பு நூல் மாதிரிப் புழுக்கள் நெளியும். அவற்றை ஊறுகாய் பாட்டிலில் போட்டுத் துணி கட்டி வைத்தேன். சில நாளில் பாட்டிலுக்குள் அதே ஈக்கள்! அப்பாவின் தலைக்குமேல் பிடித்த ஈக்கள் அத்தனைக்கும் இறகு மாதிரி மீசை இருந்தது. பாட்டிலில் பிறந்தவற்றில் பாதிக்கு மீசையே இல்லை. மீசை இல்லாததுகள் ஏன் ஆட வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். ஆடுவது முழுக்க ஆண்கள், பெண்கள் தேடி வரும்வரை அந்த ஆட்டம் என்பது கல்லூரியில்தான் தெரிந்தது. அம்மா மட்டும் அன்றைக்கே பாட்டிலைக் குப்பையில் கொட்டிவிட்டாள்.

அந்த மாசம் வெட்டு ஜாஸ்தி. அம்மா தினமும் அப்பாவின் இடுப்புக்குத் தைலம் தேய்த்துவிடுவாள். "ஒரு நாளு வூட்ல இருய்யா" என்பாள். "நான் நின்னா வேற ஆளப் போட்டுக்குவாங்க" என்பார். தைல வாசனைக்கு ஈ வராது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். வந்தது.

ஒரு சாயங்காலம் கரைமேல் வந்துகொண்டிருந்தோம். அப்பா குனிந்தபடியே என் தோளில் கையை ஊன்றி, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். "செருப்பு வாரு அந்துபோச்சி" என்றார். தோள் வலித்தது. சற்று நேரத்தில் காதுக்கு மேலே மெல்லிய ரீங்காரம். நிமிர்ந்து பார்த்தேன். ஐயோ, கரகம் என் தலையில்!

"அப்பா! எனக்கு வந்துட்டுது!"

அவர் தலையைத் தூக்காமலே, "ஆமாமா. வளந்துட்ட" என்றார்.

அவர் கையை உதறிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மூச்சு வாங்கச் சொன்னதை அம்மா கேட்டுக்கொள்ளவே இல்லை. "அப்பன எங்கடி வுட்டுட்டு வந்த?" என்றபடி செருப்புகூடப் போடாமல் கரையைப் பார்த்து ஓடினாள். மகள் வளர்ந்ததில் இவளுக்கு ஒரு சந்தோஷமும் இல்லையே என்று எனக்குக் கோபமான கோபம்.

மறுநாள் பிரேயரில் அதே முதல் இடம். பள்ளிக்கூடம் விட்டதும் கரும்பு வெட்டுப் பக்கம் போகாமல் நேரே வீட்டுக்கு வந்து, ஆயுதபூஜையன்று கதவு நிலையில் போட்ட பென்சில் கோட்டில் முதுகை ஒட்டி நின்று பார்த்தேன். கோடு அங்கேயேதான் இருந்தது, நானும் அங்கேயேதான் இருந்தேன். வாசலில் அப்பாவின் செருப்பு கிடந்தது, இரண்டிலும் வார் ஒழுங்காக இருந்தது. தைத்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே அவர் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார், அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருந்து நான் பார்த்ததே இல்லை.

ஈக்கள் தப்பாக அளந்துவிட்டன என்று முடிவுகட்டினேன். சந்தேகத்துக்கு இன்னும் இரண்டு தடவை என்னையே அளந்து பார்த்தேன். அப்பாவை அளந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை.