மெத்தை போதாத இடம்

துபாயில் ஒரு வணிக வளாகத்துக்குள் கட்டிய பனிக்கூடத்தில் நிற்கிறேன். நெடுந்தூர ஸ்கீ ஓடும் மகளோடு நோர்வேயிலிருந்து வந்திருக்கிறேன். அவள் ஓடுவது இரண்டாம் தரப் போட்டித் தொடரில்தான். இந்த முறை பந்தயம் இங்கே. ஊரில் தடம் காட்டுக்குள் நீண்டு கிடக்கும். இங்கே உல்லாசப் பயணிகள் சறுக்கும் மேட்டிலிருந்து இறங்க வேண்டும். இறக்கம் முடியும் இடத்தில் கண்ணாடிச் சுவர். அதற்கப்பால் ஆட்கள் காப்பி குடிக்கிறார்கள். இவளுடைய மெல்லிய ஸ்கீக்கள் சட்டென்று நிற்காது.

சுவரோரம் மெத்தை அடுக்கும் கீழக்கரைக்காரரிடம் போகிறேன்.

"தம்பி, இந்த இடைவெளிக்கு மெத்தை இல்லையோ?"

"மெத்தை கலாஸ், முடிஞ்சுபோச்சுக்கா. இவ்வளவுதான் இருந்துச்சு. அந்த இடைவெளியில நான் நிப்பேன்."

"நீங்களோ?"

"கண்ணாடியில மோதுறதுக்கு ஆள் மேல மோதுனா பரவாயில்லல்ல."

இடைவெளி இரண்டு ஆள் அகலம். மேலே மணி அடிக்கிறது. பிள்ளைகள் ஒன்றாகப் புறப்படுகிறார்கள். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்கு இடம் விட்டு ஓரமாக நகர்கிறார். நான் போய்ப் பக்கத்தில் நிற்கிறேன்.

பனித்தூள் கிளம்புகிறது. எங்களை நோக்கி வருவது யாருடைய பிள்ளை என்று தெரியவில்லை. கைகளை விரிக்கிறேன்.